கப்பலில் வந்த கிட்டாரும் உன் இடது கையும்

மகன்,

நலமா, சுகமா என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. உன் இடது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் வளைந்து கிடக்கின்றன. அதைச் செய்தவன் நான். அது உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதை விழுங்கி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய பெட்டி போன கிழமை வந்து சேர்ந்த பிறகு இனி விழுங்க ஏலாது. இந்தக் கடித உறையை நான் ஒட்டப்போவதில்லை. முதலில் அம்மா படிப்பாள். பிறகு லிங்கநகரில் உனக்குப் பேசி முடித்திருக்கும் அந்தப் பிள்ளை படிப்பாள். உன் கூட்டாளி ரகீம் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது உன்னிடம் கொண்டுவருவான். வழியில் அவன் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கோபம் இல்லை. சனத்துக்கு முன்னால் உன்னை அவமானப்படுத்திய நான் மன்னிப்பை மட்டும் மூடி ஒட்டி அனுப்புவது சரியில்லை.

ரகீம் கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் ஏறி, அக்கரையில் ஒரு கார் பிடித்து, அந்தப் பெட்டியை எங்கள் வாசலில் இறக்கினான். புது அம்பிளிபயர், யப்பான் சாமான். மேலே உன் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. “நான் எரித்ததுக்குப் பதிலாக இது, கலியாணத்தில் நீங்கள்தான் கிட்டார் வாசிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு என்ரை பிள்ளை தங்கம் என்று அழுதாள். நான் குசினிக்குப் பின்னால் போய் மதிலில் கையைக் குத்தினேன். தோல் போனது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து ரகீமுக்குப் பக்கத்தில் இருந்து, அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லதாகவே சொல்லிக்கொண்டு வந்தான். நீ கிரேன் ஓட்டுவதில் கெட்டிக்காரனாம், குடிப்பதில்லையாம், பஸ் பிடித்துப் பூசைக்குப் போகிறாயாம். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சிரிப்புக் கதையாகத்தான் இதையும் சொன்னான்.

“ஒண்டுதான் ஐயா, உங்கட மகன் பிளக் குத்தமாட்டான். அவன்ட ஃபேனுக்கும் நாங்கதான் குத்திக் குடுக்கிற. சின்னனில வீட்டில என்னமோ எரிச்சுப் போட்டானாம். தன்ட கைக்குக் கரண்ட் ஆகாது எண்டு சொல்லுவான்.”

நான் துறைமுக வேலைத்தளத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கரண்ட் வேலை செய்கிறவன். என் மகன் ஒரு பிளக்கைத் தொடப் பயந்து, அந்த வெயில் நாட்டில் ஃபேனுக்கு முன்னால் நின்று கூட்டாளிமாரைக் கூப்பிடுகிறான். ரகீம் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்த என் வாயில் நானே அடித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். வெள்ளைக்காரன் இங்கே கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போவதற்குக் கொஞ்சம் முந்தி, எனக்கு இருபது வயது வரும் முன்னமே, கடற்படைக் கன்ரீனில் ஒரு நடனத்துக்கு மேடைக்கு வயர் இழுக்க என்னை அனுப்பினார்கள். அங்கே ஒரு மாலுமி சிவப்பு நிறத்தில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். அவன் ஒரு கம்பியைத் தட்டினான், மண்டபத்தின் தகரம் அதிர்ந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் அப்படி அதிர்ந்தது உன் அப்பப்பாவின் குரலுக்கு மட்டும்தான். அந்த மனிதன் வள்ளத்தில் மூட்டை ஏற்றுகிறவர், கை இரும்பு. நான் அயலில் இரவல் வாங்கி வந்த மரக் கிட்டாரை, கூத்தாடியா நீ என்று கேட்டு, என் முதுகிலேயே அடித்து உடைத்தார். சிராய் குத்திய அடையாளம் இன்னும் இருக்கிறது, அம்மா கண்டிருக்கிறாள். அன்றைக்கு நான் அழவில்லை. எனக்கென்று அப்படி ஒன்று வாங்கி, தொடுகிறவனின் கையை முறிப்பேன் என்று நினைத்தேன். கவனி மகன், வாங்குவேன் என்று மட்டும் நினைக்கவில்லை. முறிப்பேன் என்றும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

பிறகு பதினைந்து வருடம் கோயில் திருநாளிலும் கலியாண வீட்டிலும் மரக் கிட்டாரோடு பைலாப் பாட்டு வாசித்தேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வராத காலம். கிட்டார்க் கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துப் போடுவோம். அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கப்பல் வந்தது. அதன் சாமான் தூக்குகிற வின்ச்சின் மோட்டர் எரிந்துபோய் இரண்டு கிழமை உள்துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது, திருத்த நாங்கள் போனோம். அதன் இரண்டாம் எஞ்சினியருடைய அறையில் அமெரிக்காவில் செய்த எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று சுவரில் தொங்கியது. சிவப்பு. பாவித்ததுதான், முதுகில் பெல்ட் உரசின தழும்பு இருந்தது, ஆனால் அந்த மாதிரியை நான் பேப்பரில்கூடக் கண்டதில்லை. கழுத்தில் கை வைத்தவுடன் விரல் தானாகப் போனது. அம்பிளிபயரோடு சேர்த்து விற்றுவிட்டுப் போகப்போகிறேன் என்றான் அந்த மனிதன், முதலில் காசோடு வருகிறவனுக்குத் தருவேன் என்றான்.

அன்று வீட்டுக்கு ஓடி வந்து நான் செய்ததை நீ பார்த்தாய், உனக்குப் பதின்மூன்று வயது. என் சைக்கிளை விற்றது போதவில்லை. அம்மாவின் காப்பைக் கேட்டேன், அவள் யோசித்தாள். யோசிக்க விடாமல் கையைப் பிடித்து இழுத்தேன். “கையை விடுங்கோ, நானே கழட்டித் தாறன்” என்றாள். அதற்குள் காப்பு மணிக்கட்டுத் தோலைச் சீவிக்கொண்டு வந்துவிட்டது. நான் துடைத்துவிடக்கூட நிற்கவில்லை. இறங்குதுறைக்குப் போனால் வின்ச் ஓட்டுகிற ஒருவன், அவனும் திருநாள் பாண்டில் வாசிக்கிறவன், எனக்கு முன்னால் கப்பலின் படியில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறான். சட்டைப் பைக்குள் இருந்த ஸ்பானரை எடுத்து அவன் முழங்காலில் அடித்தேன், விழுந்தவனின் வாயிலும் அடித்தேன். இரண்டு பல் படியில் தெறித்துக் கிடந்தது. அவற்றை மிதித்துக்கொண்டு மேலே ஏறினேன். எஞ்சினியர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கைதட்டினான். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. கரண்ட் கதை, ஆனால் உனக்கு இது விளங்க வேண்டும். அமெரிக்க அம்பிளிபயருக்கு வேண்டியது நூற்றுப்பத்து வோல்ட். எங்கள் வீட்டுச் சுவரில் வருவது இருநூற்றுமுப்பது. நேரே குத்தினால் எரியும். அதனால் வேலைத்தளத்தில் நானே கம்பி சுற்றி, கரண்டைக் குறைக்கிற ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி செய்தேன். சுவருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் அது இருக்க வேண்டும். கப்பலில் வந்த பிளக்குக்கு இரண்டு தட்டைக் கால், எங்கள் சுவரில் அது போகவே போகாது. அது ஒரு காவல் மாதிரி. அந்தக் காவலை நான்தான் வெட்டி எறிந்தேன். ஏனென்றால் வேலைத்தளத்தில் எங்கள் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் வருவதும் நூற்றுப்பத்துத்தான். கப்பல் தொட்டிக்குள் ஈரத்தில் நின்று பிடிக்கிற கைவிளக்குகளுக்காக அப்படி. ஆனால் சொக்கெட் மட்டும் வீட்டில் இருப்பது போல மூன்று வட்டத் துவாரம். அங்கே சோதித்துப் பார்க்கிற அவசரத்தில் தட்டைக் காலை வெட்டிவிட்டு எங்கள் மூன்று கால் பிளக்கைப் பூட்டினேன். ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று அதற்குப் பதில் ஒரு தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். நாள் முழுக்க அந்த வேலைத்தளச் சுவரில் நேரே குத்திக் குத்திப் பழகிய கை என் கை. இதை எங்கள் வேலைத்தளத்துக்காரன் தவிர வேறு யாரும் செய்யமாட்டான்.

ஒரு மாதம் வாசித்தேன். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் சனம் கூடும். அம்மா மணிக்கட்டில் துணி கட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று கேட்பாள். யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். நீ கதிரையில் இருந்து, கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்ப்பாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மத்தியானம் வந்தவுடன் வாசிக்க வேண்டும் போல் இருந்தது. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் அம்பிளிபயரைப் போட்டேன். அதன் வால்வுகள் சூடேற அரை நிமிடம் செல்லும். கையில் கிரீஸ். கிரீஸ் கையோடு அந்தக் கிட்டாரைத் தொடமாட்டேன் என்று கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அதற்குள் மணம் வந்தது. எரிகிற கம்பியின் மணம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓடி வந்தேன். அறை முழுக்கப் புகை, திரைச்சீலையின் ஒரு கரை கருகியிருந்தது. நீ பள்ளிக்கூடப் பையை வலது கையில் பிடித்தபடி நிற்கிறாய். இடது கையில் பிளக். “புகை வந்தது அப்பா, அதுதான் கழட்டினனான்” என்றாய். தொட்டாயா என்று கத்தினேன். நீ முழித்தாய். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மடையன், சொன்னாய்.

“ஓம் அப்பா. காலமை பள்ளிக்கூடம் போக முன்னம் ஒருக்காத் திருகிப் பாத்தனான்.”

எனக்கு அது போதும். கிட்டாரையும் அம்பிளிபயரையும் இணைக்கிற வயர் மேசையில் கிடந்தது. தடித்த வயர், நுனியில் என் சின்ன விரல் அளவில் ஓர் உலோக முனை. அதை எடுத்தேன். முதல் அடி உன் தோளில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். நீ முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினாய், நான் அந்தக் கையில் அடித்தேன். கையை எடு என்று சொல்லிச் சொல்லி அடித்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கண் போயிருக்கும். அம்மா நடுவில் வந்தாள், தள்ளினேன், அலுமாரியில் தலை இடித்து, கீழே இருந்தபடியே என் காலைப் பிடித்தாள். அவளை இழுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்து இன்னொரு அடி அடித்தேன். விரல் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் ஒரு முறை அடித்தேன். அந்தக் கடைசி அடிக்கு எந்தக் கோபத்தையும் சாட்டாகச் சொல்ல என்னால் ஏலாது. கோபம் அதற்கு முந்திய அடியோடு முடிந்துவிட்டது. கை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னம் நீ, மதிலில் ஏறி விழுந்தேன் என்றாய். அம்மா ஓம் என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை அங்கே விட்டுவிட்டு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் மேசைக்குக் கீழே அந்த ட்ரான்ஸ்போமர் பெட்டியைக் கண்டேன். அதன் வயர் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை நான் வைத்தபடியே இருந்தது. குந்தியிருந்து அதன் மேல் கை வைத்தேன். பாவித்த பெட்டி என்றால் ஒரு மணித்தியாலமாவது சூடு நிற்கும். அது குளிர்ந்திருந்தது.

மகன், நான்தான் அம்பிளிபயரை நேரே சுவரில் குத்தினேன். வேலைத்தளத்துக் கை வீட்டுக்கு வந்து தன் பழக்கத்தைச் செய்தது. நீ காலையில் திருகியது சத்தத்துக்கான குமிழ், அதைப் பத்து நாள் திருகினாலும் ஒன்றும் எரியாது. இது எனக்கு அந்த நிமிடமே தெரியும், உன் கைக்கு அவர்கள் இன்னும் கட்டுக்கூடப் போட்டு முடிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணில் படக்கூடாது என்று பெட்டியைச் சாக்கில் போட்டு, பொழுது சாய்கிற நேரம் மீன் வள்ளங்கள் கட்டுகிற பக்கம் கொண்டுபோய்க் கடலில் போட்டேன். பிறகு உன் உடுப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவிடம், பெடியன் பெட்டி இல்லாமல் குத்திக் கொளுத்திப் போட்டான் என்று சொன்னேன். நீ காலையில் திருகியதில்தான் எரிந்தது என்று உன்னையும் நம்பவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. உனக்குக் கொள்ளி என்று பெயர் வைத்தேன். கலியாண வீட்டில் யாராவது எங்கே உங்கட எலக்ட்ரிக் கிட்டார் என்று கேட்டால், இந்தா நிக்கிறார் கொள்ளி, இவரைக் கேளுங்கோ என்று உன் தோளில் தட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. பொய்யை எத்தனை தரம் சொல்கிறோமோ அத்தனைக்கு அது எனக்கே உண்மை போல ஆகும் என்று நினைத்தேன், ஒரு நாளும் ஆகவில்லை. பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் வின்ச்காரனின் பல்லைச் சொன்னேன், அம்மாவின் காப்பைச் சொன்னேன், உன் விரலையும் சொன்னேன். குளிர்ந்த பெட்டியை மட்டும் சொல்லவில்லை. அடித்தவன் என்று இருப்பதை என்னால் தாங்க முடிந்தது. பிழையாக அடித்தவன் என்று இருக்க முடியவில்லை. என் ரோசம் அவ்வளவு பெரியது, அதற்கு உன் கையைத் தின்னக் கொடுத்தேன்.

இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், தகப்பன் சொல்வதாக எடுக்க வேண்டாம், அடித்துத் தெரிந்துகொண்ட ஒருவன் சொல்வதாக எடு. கை ஓங்குகிறபோது ஆம்பிளையாக நிற்கிறது போல இருக்கும். எனக்கு இறங்குதுறையில் அப்படித்தான் இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். உன் அப்பப்பாவின் கை எனக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் வீட்டை விட்டு வெளியே போ, கிணற்றடியில் நில், திட்டு, ஒரு சட்டியை உடை. கையில் ஏதாவது சாமான் இருந்தால் முதலில் அதைக் கீழே வை. லிங்கநகர்ப் பிள்ளைக்கும் சொல்கிறேன்: பிள்ளை, கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கடிதத்தை இவனிடம் வாங்கி உங்கள் அலுமாரியில் வைத்திருங்கோ. எப்போதாவது இவன் கை உயர்ந்தால் எடுத்து முன்னால் வையுங்கோ. வெட்கப்பட வேண்டியது இவன் இல்லை, நான்.

கிட்டார் இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதை விற்க மனம் வரவில்லை, வாசிக்கவும் வரவில்லை. அந்த வயரை நேற்று குறட்டால் துண்டு துண்டாக நறுக்கினேன். நறுக்கினால் நடந்தது மாறாது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது வீட்டில் கிடக்க என்னால் பார்க்க ஏலவில்லை. நீ அனுப்பிய அம்பிளிபயரை நான் திறக்கவில்லை. எனக்கு அது சேராது. நான் எரித்ததற்கு நீ பதில் தரத் தேவையில்லை. கலியாணத்துக்கு வராதே என்று நீ எழுதினால் வரமாட்டேன், அம்மா உன்னைக் கூட்டிப் போவாள். வரலாம் என்றால் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருப்பேன். வாசிக்கச் சொல்லி இன்னும் கேட்கிறாய் என்றால், அதற்கு முந்தி நீ ஒன்று செய்ய வேண்டும்.

நீ வந்து பெட்டியைத் திற. பின்னால் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று முதலில் பார், அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பிளக்கை நீயே சுவரில் குத்து, யாரையும் கூப்பிடாதே, இடது கையால் குத்து. உன் கைக்குக் கரண்ட் ஆகாது என்பது நான் கட்டிவிட்ட கதை. அன்றைக்கு அந்தப் புகைக்குள் போய்ப் பிளக்கைக் கழற்றி, எங்கள் வீடு எரியாமல் காப்பாற்றியது அந்தக் கைதான். அந்தக் கையைத்தான் நான் உடைத்தேன்.

உன் அப்பா